அத்தையின் அல்ஜீப்ரா

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது நான் பத்தாம் வகுப்புக் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தேன். இதை இப்போது யாரிடமாவது சொன்னால், அந்த வயதிலேயே பெரிய மேதையாக இருந்திருக்கிறாள் போலிருக்கிறது என்று என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. அத்தை கணக்குப் போடுவாள். நான் கைடின் பின்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அங்கே அச்சடித்திருக்கும் விடையும் அத்தை எழுதிய விடையும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பார்ப்பேன். இருந்தால் டிக். இல்லாவிட்டால் கிராஸ். சிவப்புப் பேனா என் கையில் இருந்தது. சிவப்புப் பேனா இருக்கிறவர்களுக்கு வேறு அறிவு எதற்கு என்பதுதான் எங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்த்து நான் கற்றுக்கொண்டிருந்தது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமாகி, பம்பாயை ஒட்டிய அம்பர்நாத்தில் இருந்தவள், ஒரு தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகவில்லை. அத்தை பத்தாவது பரிட்சை எழுதப் போகிறாள், அதற்காகத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்குச் சொன்னார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. மற்ற பாடமெல்லாம் தேறி, கணக்கு மட்டும் போய்விட்ட நிலையில் அவளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. அக்கம்பக்கத்துக்கும் அதையே சொன்னோம். தாராவியில் எங்கள் சந்தில் வீடுகள் ஒன்றோடொன்று முதுகு உரசிக்கொண்டு நிற்கும். ஒரு வீட்டில் தாளித்தால் நான்கு வீட்டில் தும்முவார்கள். அங்கே ஒரு பெண் புருஷன் வீட்டை விட்டு வந்து இருந்தால் கேள்விமேல் கேள்வி வரும். படிக்க வந்திருக்கிறாள் என்று சொன்னால் மட்டும் எல்லோரும் மரியாதையாக வாயை மூடிக்கொள்வார்கள்.

பொங்கலுக்கு முன்னால் அத்தையின் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், சொந்தக்காரர்கள் இரண்டு பேரோடு வந்து உட்கார்ந்து பேசினார். அவர் பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் மிஷின் ஆப்பரேட்டர். அந்தக் கம்பெனியில் பேக்கிங்குக்குப் பத்தாவது பாஸான பெண்களை எடுக்கப் போவதாகவும், அத்தை பாஸாகிவிட்டால் இடம் வாங்கித் தருவதாக சூப்பர்வைசர் சொல்லியிருப்பதாகவும் மாமா சொன்னார். ஒரே ஷிப்ட், கூடவே போய்க் கூடவே வந்துவிடலாம் என்றார். கடைசியில் முடிவானது இதுதான்: மார்ச்சில் அத்தை பரிட்சை எழுதுவாள். ரிசல்ட் வந்து பாஸானதும் அப்பாவே அவளை அம்பர்நாத்தில் கொண்டுபோய் விடுவார். அப்பா பை பட்டறையில் கட்டிங் மாஸ்டர். தோலில் ஒரு தடவை கத்தி வைத்துவிட்டால் பின்வாங்க முடியாது என்று அடிக்கடி சொல்வார். கொடுத்த வாக்கையும் அவர் அப்படித்தான் நினைத்தார்.

இந்தப் பேச்சு நடந்தபோது அத்தை அங்கேதான் இருந்தாள், எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டு. அவளுக்குப் போக இஷ்டமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மாமா எனக்கு சயான் ஸ்டேஷன் வாசலில் வாங்கிய வடாபாவ் கொண்டுவந்திருந்தார், நான் அதில் மும்முரமாக இருந்தேன். பாஸானால் வேலை, வீடு, சம்பளம் எல்லாம் காத்திருக்கிறது, இவ்வளவு பெரிய பரிசு கிடைக்க வேண்டுமென்றால் கணக்கு மட்டும்தான் குறுக்கே நிற்கிறது என்று எனக்குப் புரிந்தது. கணக்கைத் திருத்தும் வேலையை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அத்தை படிக்கிற இடம் வாசல்படி. உள்ளே அம்மாவின் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும். அம்மா இட்லி மாவு அரைத்து விற்றாள். அந்தச் சத்தத்தில் படிக்க முடியாது என்றுதான் அத்தை வாசலுக்குப் போகிறாள் என்று நினைத்திருந்தேன். ஆனால் கிரைண்டர் நின்ற பிறகும் அவள் அங்கேதான் இருப்பாள். கதவை முழுக்கத் திறந்து, செங்கல் ஒன்றை அண்டக்கொடுத்து, படியில் உட்கார்ந்து காலைச் சந்தில் நீட்டிக்கொள்வாள். எங்கள் சந்தில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதில் இவள் காலை வேறு நீட்டிவைத்தால் என்ன ஆவது? ஆள் வரும்போதெல்லாம் மடக்குவாள், போனதும் நீட்டுவாள். தண்ணீர்க் குடத்தோடு வருகிறவர்கள் திட்டினார்கள். அம்மாவும் திட்டினாள். கதவைச் சாத்தடி, தெரு தூசியெல்லாம் மாவில் விழுகிறது என்பாள். அத்தை மாவுப் பாத்திரத்தை மூடிவிட்டுத் திரும்பவும் படியில் போய் உட்காருவாள். நாத்தனாரும் மதினியும் ஒத்துப்போக மாட்டார்கள் என்று எல்லோரும் சொல்வது உண்மைதான் என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

முதல் சில வாரங்கள் நான் கிராஸ் போட்டுத் தள்ளினேன். கைடில் ஒரு மாதிரி இருக்கும், அத்தை வேறு மாதிரி எழுதியிருப்பாள். கைடில் 4n − 1 என்று இருந்தால் இவள் 3 + (n − 1)4 என்று எழுதுவாள். கைடில் ஒன்றரை என்று தசமத்தில் இருக்கும், இவள் கீழே இரண்டு போட்டு மேலே மூன்று போட்டிருப்பாள். எனக்கு இரக்கமே கிடையாது. கிராஸ். அத்தை என் கையில் இருந்து கைடை வாங்கிப் பார்ப்பாள், தன் விடையைப் பார்ப்பாள், உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து போடுவாள். மறுபடியும் அதே விடைதான் வரும். மறுபடியும் கிராஸ்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டியூட்டி இல்லையென்றால் மாமா வருவார். வந்ததும் வடாபாவ் பொட்டலத்தை என்னிடம் நீட்டி, அத்தை எத்தனை கணக்கு சரியாகப் போடுகிறாள் என்று கேட்பார். முக்கால்வாசி தப்பு என்று நான் நேர்மையாகச் சொல்வேன். மாமாவின் முகம் தொங்கிப்போகும். அத்தையைப் பார்த்து ஒன்றும் சொல்ல மாட்டார். கைடை எடுத்து நான்கு பக்கம் புரட்டிவிட்டு வைத்துவிடுவார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும். எனக்கு மாமாவைப் பிடிக்கும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை.

அத்தை ஒருநாள் எதிர்த்து நின்றாள். (x + 2)(x + 3) என்று கைடில் இருந்தது. அத்தை x² + 5x + 6 என்று எழுதியிருந்தாள். நான் பேனாவை எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, ரெண்டும் ஒண்ணுதாம்ட்டி."

"புக்ல இப்படி இல்லையே."

"புக்ல பெருக்காம வச்சிருக்கான். நான் பெருக்கி வச்சிருக்கேன். அவ்ளோதான்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதில் அடைப்புக்குறி இருக்கிறது, இதில் இல்லை. அதில் ஆறு இல்லை, இதில் இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் வேறு வேறாக இருப்பதை ஒன்று என்று சொன்னால் நான் எப்படி நம்புவது? அத்தை கொஞ்ச நேரம் பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு யோசித்தாள். பிறகு, x என்பது எந்த எண்ணாகவும் இருக்கலாம், அப்படியானால் ஏதாவது ஒரு எண்ணை இரண்டிலும் போட்டுப் பார்ப்போம், இரண்டிலும் ஒரே தொகை வந்தால் இரண்டும் ஒன்றுதானே என்றாள். இது எனக்கு நியாயமாகப் பட்டது. எந்த எண்ணைப் போடுவது என்று கேட்டேன்.

அந்த நேரத்தில் உள்ளே அம்மா ஊறப்போட அரிசி அளந்துகொண்டிருந்தாள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் படியால் அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். பம்பாய்க்கு வந்து, கிலோ கணக்கில் அரிசி வாங்கி, அம்மா அதை மறுபடியும் ஊர்ப் படியால் லாபம் என்று சொல்லித்தான் அளப்பாள். அன்றும் லாபம் என்று சொல்லி முதல் படியைக் கொட்டினாள். அத்தை சிரித்துவிட்டாள். அதையே போடு, நல்ல வாக்கு என்றாள்.

அப்படித்தான் எங்கள் வீட்டு அல்ஜீப்ராவில் லாபம் நுழைந்தது. x இருக்கிற இடத்தில் ஒன்றைப் போட்டோம். கைடின் விடையில் மூன்றையும் நான்கையும் பெருக்கினால் பன்னிரண்டு. அத்தையின் விடையில் ஒன்றும் ஐந்தும் ஆறும் கூட்டினால் பன்னிரண்டு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பழைய பக்கங்களைத் திருப்பி, நான் கிராஸ் போட்டதையெல்லாம் எடுத்து, ஒவ்வொன்றிலும் லாபம் போட்டுப் பார்த்தோம். எல்லாம் ஒத்துப்போயின. சிவப்புக் கிராஸின்மேல் டிக் போட முடியாது என்பதால் பக்கத்தில் பச்சைப் பேனாவால் போட்டேன். அத்தை என் தலையைக் கலைத்துவிட்டு, நீ இத்தனை நாளா என்னப் பைத்தியக்காரி ஆக்கிட்டியேட்டி என்றாள். ஆனால் கோபமே இல்லை. அவளுக்குக் கணக்கு பிடித்திருந்தது. சரியாக வந்த கணக்கை அவள் திரும்பத் திரும்பப் பார்ப்பாள்.

அதற்கப்புறம் ஒரே டிக் மழைதான். எனக்கும் வேலை சுலபம். ஒன்றால் எதைப் பெருக்கினாலும் அதேதான், ஒன்றின் தலையில் சின்னதாக இரண்டு போட்டாலும் மூன்று போட்டாலும் ஒன்றுதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிடத் தோதான எண் கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம், அத்தை எல்லாமே சரியாகப் போடுகிறாள் என்று சொன்னேன். மாமாவின் முகம் பூத்துவிட்டது. அப்போ கூட்டிட்டுப் போய்ரலாம் என்று என்னிடம்தான் சொன்னார், அத்தையிடம் இல்லை. அன்று இரண்டு வடாபாவ்.

அவர் போனபிறகு அத்தை என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். எல்லாத்தையும் மாமாட்ட சொல்லணுமா என்று கேட்டாள். நான் உண்மையைத்தானே சொன்னேன் என்றேன். ஆமாம், உண்மைதான் என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். தன் பெருமையைத் தானே பேசக் கூச்சப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

லாபத்தின் குட்டு வெளிப்பட்டதற்குக் காரணம் என் பழைய கண்தான். 3, 7, 11 என்று போகிற தொடர். கைடில் 4n − 1 என்று இருந்தது. அத்தை அவசரத்தில் முந்தின கணக்கின் ஐந்தைத் தூக்கிப் போட்டு, 3 + (n − 1)5 என்று எழுதிவிட்டாள். நான் லாபம் போட்டேன். கைடிலும் மூன்று, அத்தையிலும் மூன்று. டிக் போட்டுவிட்டேன். போட்டபிறகுதான், இதே மாதிரி ஒரு விடை முன்பு வந்ததே, அதில் நாலு இருந்ததே என்று தோன்றியது. பழைய பக்கத்தைப் புரட்டினேன். ஆமாம், நாலு. அதுவும் சரி, இதுவும் சரி என்றால் எப்படி? நாலை எடுத்துவிட்டு நானூறு போட்டுப் பார்த்தேன். அதற்கும் மூன்றுதான் வந்தது. அடைப்புக்குறிக்குள் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்ததும் பூஜ்யமாகிவிடுகிறது, பூஜ்யத்தோடு எதைப் பெருக்கினால்தான் என்ன?

அத்தையிடம் காட்டினேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பச்சை டிக்குகளையெல்லாம் திரும்பவும் தோண்டினோம். நிறைய விடைகள் தப்பிப் பிழைத்தன. சிலது மாட்டிக்கொண்டன. x² எழுத வேண்டிய இடத்தில் வெறும் x இருந்தும் லாபம் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தது. உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கு வருத்தம். லாபம் எப்படித் தப்பாப் போகும் என்று முணுமுணுத்தாள். அப்படியானால் இரண்டைப் போடுவோம் என்றேன் நான். இரண்டும் இரண்டும் கூட்டினாலும் நாலு, பெருக்கினாலும் நாலு, அதுவும் ஆகாது என்றாள் அத்தை. கடைசியில் முதலில் மூன்று, அப்புறம் ஐந்து என்று முடிவு செய்தோம். இரண்டு எண்ணுக்கும் ஒத்துவந்தால்தான் டிக். ஒரு சாட்சியை நம்பக்கூடாது, இரண்டு சாட்சி வேண்டும் என்றாள்.

இது கஷ்டமான வேலைதான். ஆனால் இதற்கப்புறம் அத்தை போட்ட கணக்குகள் நிஜமாகவே சரியாக வந்தன. பிப்ரவரி முடிவதற்குள் தப்பு வருவது அபூர்வமாகிவிட்டது. கண்டுபிடித்தது நான் என்பதால் பாதிப் பெருமையை நானே எடுத்துக்கொண்டேன். மாமாவிடம் மூன்று, ஐந்து கதையை முழுக்கச் சொன்னேன். இனிமேல் அத்தை பெயிலாகவே முடியாது, நான் கேரண்டி என்றேன். மாமா சிரித்து, பாப்பாவே கேரண்டி குடுத்திட்டா அப்புறம் என்ன என்றார். அத்தை வாசல்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சந்தில் ஆட்கள் வந்தார்கள். அவள் காலை மடக்கவில்லை. வந்தவர்கள் தாண்டிக்கொண்டு போனார்கள்.

கணக்கில் அல்ஜீப்ரா ஒருநாள், ஜியாமெட்ரி ஒருநாள் என்று இரண்டு பேப்பர். ஜியாமெட்ரியை நாங்கள் தொட்டதில்லை, அத்தை அதைத் தனியாகவே மனப்பாடம் செய்தாள். மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சென்டர் போட்டிருந்தார்கள். அல்ஜீப்ரா அன்று அம்மாதான் அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் அம்மா மாவு வியாபாரத்தை ஒருநாளும் விட மாட்டாள். இரண்டு பேரும் பஸ்ஸில் போய், மத்தியானம் பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். அத்தையின் கையில் கேள்வித்தாள் இருந்தது. வந்ததும் அதை வாங்கி, போட்டுக் காட்டு என்று பிடிவாதம் பிடித்தேன். அத்தை அம்மாவைப் பார்த்தாள். குழந்தை கேட்குதுல்லா, போட்டுக் காட்டு என்றாள் அம்மா.

அத்தை ரஃப் பேப்பரில் பென்சிலால் போட ஆரம்பித்தாள். எங்கேயும் தயங்கவில்லை. தேநீரைக் குடித்துக்கொண்டே, நடுவில் காலை மடக்கி நீட்டிக்கொண்டே முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை போட்டாள். இதற்குக் கைடு கிடையாது. ஆனாலும் சரிபார்க்க வழி இருந்தது. கண்டுபிடித்த x-ஐ மறுபடியும் கேள்விக்குள்ளேயே போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாக வர வேண்டும். வந்தது. ஒன்று விடாமல் எல்லாம் வந்தது. நான் சந்தில் இறங்கி ஒரு ஆட்டம் ஆடினேன்.

ஜூனில் ரிசல்ட் வந்தது. நல்ல மழை. மாமா லீவு போட்டுவிட்டு அம்பர்நாத்திலிருந்து காலையிலேயே வந்துவிட்டார். அத்தையின் துணிகளை வைக்கப் புதிதாக ஒரு பெட்டி வேறு வாங்கி வந்திருந்தார். அப்பாவும் அவரும் தொண்ணூறு அடி ரோட்டில் சைபர் கஃபேயில் போய்ப் பார்த்து, பேப்பரில் அச்செடுத்துக்கொண்டு நனைந்து வந்தார்கள். அத்தை பெயில்.

நான் நம்பவில்லை. பேப்பரை வாங்கிப் பார்த்தேன். கணக்கில் பாஸ் மார்க்குக்கு எட்டவே இல்லை. பிறகு சட்டென்று விஷயம் புரிந்துவிட்டது. திருத்தினவர் நான் முதலில் இருந்த மாதிரியே இருந்திருக்கிறார். அவரிடம் இருக்கிற விடை ஒரு மாதிரி, அத்தை எழுதினது வேறு மாதிரி. மூன்றும் ஐந்தும் போட்டுப் பார்க்க அவருக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துக் கிராஸ் போட்டுக்கொண்டே போயிருக்கிறார். இதை எல்லோருக்கும் விளக்கமாகச் சொன்னேன். அப்பா யோசித்தார். மாமா உடனே பிடித்துக்கொண்டார்.

"பாப்பா சொல்லுததுதான் சரி மச்சான். ரீசெக்கிங் போடுவோம். பேப்பரோட ஜெராக்ஸே குடுப்பான். காசு நான் கட்டுதேன்."

"ஜெராக்ஸ என்ட்ட குடுங்க மாமா. நான் பாத்துச் சொல்லிருவேன்" என்றேன்.

அத்தை வாசல் பக்கம் நின்றிருந்தாள். அவள் கை கதவை அண்டக்கொடுத்த செங்கல்லுக்கு மேலே, கதவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அவள்மேல் பாவமாக இருந்தது. இவ்வளவு படித்தவளை இப்படி அநியாயமாகக் கிராஸ் போட்டுவிட்டார்களே என்று அழுகை வந்தது. அத்தை மெதுவாக, ரீசெக்கிங் வேண்டாம் அண்ணே, ஹாலில் எனக்குக் கை ஓடவில்லை, பாதிக்கு மேல் எழுதவில்லை என்றாள். அது பொய் என்று நான் கத்தினேன். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தயங்காமல் போட்டுக் காட்டினாளே, நான்தானே பார்த்தேன்? ஹாலில் ஓடாத கை வீட்டுக்கு வந்ததும் எப்படி ஓடும்? அப்பா என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். கேட்டது நியாயமான கேள்விதான் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அம்மா நடுவில் வந்து என் தோளைப் பிடித்தாள். விரல் அழுந்தியது, வலித்தது. என் கையில் காசைத் திணித்தாள்.

"போய் ரவை வாங்கிட்டு வா."

"இப்பவா?"

"இப்பத்தான்."

மழையில் நான் அழுதுகொண்டே ரவை வாங்கப் போனேன். அம்மாவை அன்று நான் வெறுத்தேன். ரீசெக்கிங்குக்கு மாமா பணம் கட்டுகிறேன் என்றபிறகும் இவள் குறுக்கே நிற்கிறாள் என்றால், அத்தை பாஸாவது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். கடையில் வேண்டுமென்றே நேரம் கடத்தினேன். திரும்பி வந்தபோது மாமா இல்லை. அப்பா அவரை ஸ்டேஷனில் விடப் போயிருந்தார். புதுப் பெட்டியையும் மாமா எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரீசெக்கிங் இல்லை, அத்தை அக்டோபரில் மறுபடியும் எழுதுவாள், அதுவரை இங்கேயே இருப்பாள் என்று பேசி முடித்துவிட்டார்கள். நான் இல்லாத அந்தக் கொஞ்ச நேரத்தில் அம்மா என்ன சொன்னாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அதைத் தெரிந்துகொள்ள நானும் பத்தாவது வர வேண்டியிருந்தது. என் அல்ஜீப்ரா பரிட்சைக்கு முந்தின நாள், அத்தையின் பேப்பரைத் திருத்தினவரை நான் ஏதோ திட்டியபோது, அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"அவர் என்னட்டி செய்வாரு. அவ வெறும் பேப்பர மடிச்சுக் குடுத்திட்டு வந்தா. நாந்தான் குடுக்கச் சொன்னேன்."

அம்பர்நாத்தில் மாமா ஷிப்டுக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போவாராம். அத்தை உள்ளே இருப்பாளாம். டபுள் ஷிப்ட் என்றால் மறுநாள் காலைதான் திறப்பாராம். அடித்ததில்லை, திட்டினதில்லை. தீபாவளிக்கு வந்தவள் இதை அம்மாவிடம் மட்டும்தான் சொன்னாள். அம்மா அப்பாவிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். ஊரில் திருட்டுப் பயம், பூட்டினால் என்ன தப்பு என்று அப்பா கேட்டுவிட்டார். அதற்குமேல் அம்மா அவரிடம் பேசவில்லை. பாஸானால்தானே அனுப்ப வேண்டும் என்று அம்மாவும் அத்தையும் மாட்டுங்கா பஸ்ஸில் வைத்து முடிவு செய்திருக்கிறார்கள். ரவை வாங்க நான் போனபிறகு, என் வீட்டு மனுஷியை நான் அனுப்பும்போதுதான் அனுப்புவேன் என்று அம்மா மாமாவின் முகத்துக்கு நேரே சொன்னாளாம்.

அக்டோபரில் அத்தை எழுதினாள், கணக்கில் பிரமாதமான மார்க். அதற்குள் ஆண்டாப் ஹில்லில் ஒரு பால்வாடியில் உதவியாளாகச் சேர்ந்து கையில் சம்பளம் வாங்க ஆரம்பித்திருந்தாள். மாமாவின் கம்பெனியில் பேக்கிங் இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. அவர் இன்னும் சில ஞாயிறு வந்தார், அப்புறம் போன் மட்டும் வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. அத்தை இப்போது அதே பால்வாடியில் டீச்சர். பக்கத்திலேயே ஒரு கோலி, அதாவது ஒற்றை அறை வீடு, வாடகைக்கு எடுத்திருக்கிறாள். அங்கேயும் கதவுக்குச் செங்கல் அண்டக்கொடுத்துத்தான் வைத்திருக்கிறாள். கைடும் பேனாவுமாக நான் அவளை எங்கே அனுப்பிவைக்கப் பார்த்தேன் என்பது இப்போது எனக்குத் தெரியும். அத்தை அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை.

ரிசல்ட் வந்த அந்த நாளில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அம்மா நான் வாங்கி வந்த ரவையை நெய்யில் வறுத்துக் கேசரி கிண்டினாள். முந்திரிப்பருப்பு போட்டு, கலர்ப் பொடி போட்டு, கல்யாணத்துக்குச் செய்கிற மாதிரி. அப்பா நனைந்து திரும்பி வந்து, பெயிலானதற்கு யாராவது கேசரி கிண்டுவார்களா என்று கேட்டார். புள்ள ரவை வாங்கிட்டு வந்திட்டா, அதான் என்றாள் அம்மா. அவரும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டார். அத்தை வாசல்படியில் உட்கார்ந்து, மழையில் காலை நீட்டிக்கொண்டு, ஒரு தட்டு முடித்து இன்னொரு தட்டு கேட்டாள். அம்மா எழுந்துபோய் அவள் தட்டில் போட்டாள், முந்திரிப்பருப்பாகப் பார்த்துப் போட்டாள். கதவைச் சாத்தச் சொல்லவில்லை. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. பெயிலானவளுக்கு இப்படி ஒரு பசியா, ரீசெக்கிங்கைத் தடுத்த அம்மாவிடம் இப்படி ஒரு உபசாரமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. எனக்கு வைத்த கேசரியை நான் தொடவே இல்லை.